டிராக்டரும் டிரெயிலரும்: பாரம் இழுப்போர் கவனிக்க வேண்டியவை

(சிங்கவரத்தில் விவசாயிகள் கூட்டத்திற் படிக்கப்பட்ட உபந்நியாசம்)



சிங்கவரம் மலைக்குடைவரையிற் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரைச் சேவிப்பதற்காக ராஜா தேசிங்கு செஞ்சிக் கோட்டையிலிருந்து குதிரையேறி வருவான் என்பது இப்பக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு பொருது மடிந்த அவ்விளைஞனைப் பற்றிய கதைப்பாட்டிலே, அவனது வீரத்துக்கு அடுத்தபடியாகப் பெரிதும் பேசப்படுவது, ஒருவருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கிய சாமர்த்தியமே. ஆனால் அக்குதிரையின் பின்னே பாரம் எதுவும் பூட்டப்பட்டிருக்கவில்லை. இன்று அதே ஊரிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் புறப்படும் டிராக்டர்க்காரருடைய நிலைமை வேறு. தாம் ஏறி அமர்ந்திருக்கும் இயந்திரத்தை அவர் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும், பின்னால் வருவதற்கு ஓட்டுபவரும் இல்லை, பெரும்பாலும் தனிப் பிரேக்கும் இல்லை. முன்னது செய்யும் பிழையைப் பின்னது இரட்டித்துக் காட்டும்.

முதலிற் கணக்கைப் பார்ப்பது நல்லது. இப்பகுதியில் நெல் மூட்டை ஒன்றுக்கு 75 கிலோ. 60 மூட்டை ஏற்றினால் 4,500 கிலோ, அதாவது நாலரை டன். டிரெயிலரின் சொந்த எடை ஒன்று முதல் ஒன்றரை டன் வரை இருக்கும். ஆகவே பின்னால் வருவது ஏறக்குறைய ஆறு டன். அதை இழுக்கும் சாதாரண 45 குதிரைத்திறன் டிராக்டரின் எடையோ இரண்டு டன் அளவுதான். தன்னைப் போல் மூன்று மடங்கு கனமுள்ளதை அது இழுத்துச் செல்கிறது. இழுப்பதில் வியப்பொன்றுமில்லை, சமதரையில் அதற்குமேலும் இழுக்கும். நிறுத்துவதிலேதான் சங்கடம். இரண்டு டன்னை நிறுத்துவதற்கென்று அமைந்த பிரேக், அதுவும் பெரும்பாலும் பின் சக்கரங்கள் இரண்டை மட்டுமே பிடிக்கும் பிரேக், எட்டு டன்னை நிறுத்த வேண்டியதாகிறது. இழுக்கும் சக்தியைக் கண்டு, நிறுத்தும் சக்தியும் அவ்வளவு இருக்கும் என்று அநேகர் நம்பிவிடுகின்றனர்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். எதிரே ஓர் ஆடு குறுக்கிடுவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவு தூரம் கழிந்துவிடும். பிரேக் பிடித்த பின்னர் ஓடும் தூரமோ, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். இரட்டிப்பாகும் என்று எண்ணுவது பிழை. இருபதில் பத்து மீட்டருக்குள் நின்ற வண்டி, நாற்பதில் நாற்பது மீட்டரைத் தேடும். பாரமில்லாமல் ஓட்டிய பழக்கத்தை வைத்துக்கொண்டு பாரத்தோடு ஓட்டுபவருக்கு இக்கணக்கு விபத்தின்போதே தெரிய வருகிறது.

மாட்டு வண்டி ஓட்டிய முதியோர் இக்கூட்டத்தில் இருக்கின்றனர். அவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வண்டியின் பின்புறம் கனம் மிகுந்தால் நுகத்தடி மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்புறம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். நல்ல வண்டிக்காரர் மூட்டைகளை அடுக்கும்போதே, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, முன்னால் சற்றே கனம் நிற்கும்படி அடுக்குவார். இரட்டைச் சக்கர டிரெயிலருக்கும் இதே சாத்திரம் பொருந்தும். ஒரு வேற்றுமைதான்: மாடு கத்தும், படுத்துக்கொள்ளும், தலையை ஆட்டும், டிராக்டர் வாய் திறவாது. பின்பாரம் மிகுந்தால் இணைப்புக் கொக்கி மேல்நோக்கி இழுக்கப்படும். டிராக்டரின் பின் சக்கரங்களில் அழுத்தம் குறைந்து பிடிப்புக் குறையும். அச்சக்கரங்களிலேதான் பிரேக்கும் இருக்கிறது. அதோடு டிரெயிலர் வால்போல் இரு பக்கமும் ஆடத் தொடங்கும். முன்பாரம் அளவுக்கு மிஞ்சினாலோ, கொக்கி கீழே அழுத்தப்பட்டு டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் திடீரென்று இலேசாகத் தோன்றுமானால் அதை வண்டியின் சுகமென்று எண்ணாமல் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். ஆகவே கனமான மூட்டைகள் அடியிலும், அச்சுக்குச் சற்று முன்னும் இருக்கட்டும். வைக்கோல், கரும்பு போன்ற உயரமான பாரங்கள் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட வேண்டும். கட்டியது போதுமா என்று இரண்டொரு கிலோமீட்டர் சென்றதும் இறங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் பாரம் அமர்ந்ததும் கயிறு தளரும்.

இனி இணைப்பைப் பற்றி. மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படியே டிரெயிலருக்கு இணைப்பு ஆணி. அது தேய்ந்திருக்கிறதா, அதன் அடியில் குறுக்கே செருகும் பின் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். பட்டறையில் வாங்கிய சரியான ஆணி தொலைந்துபோனபின், கையிற் கிடைத்த போல்ட்டைச் செருகி, அடியில் கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் டிரெயிலர்கள் இல்லாத கிராமம் அரிது. ஓடும் வழியில் அது கழன்றால் ஆறு டன் பாரம் தன் இஷ்டப்படி ஓடும். எதிரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அது எந்தப் பக்கம் வருமென்று யார் சொல்லக்கூடும்? ஆணிக்கு மேலாக ஒரு காவற் சங்கிலியும் டிராக்டருக்கும் டிரெயிலருக்கும் இடையே பூட்டப்பட்டிருந்தால், ஆணி போனாலும் பாரம் அறுத்துக்கொண்டு ஓடாது. அந்தச் சங்கிலியின் விலை ஒரு டயரின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

டிரெயிலரை மாட்ட வேண்டிய இடம் அதற்கென்று தாழ அமைந்த இழுவைச் சட்டமே. சேற்றில் அகப்பட்ட டிரெயிலரை எப்படியாவது இழுத்துவிட வேண்டுமென்று சங்கிலியை டிராக்டரின் பின்னச்சுக்கு மேலே கட்டி வேகமாகக் கிளட்சை விடுவோர் உளர். அப்போது பின் சக்கரங்கள் நகராமல் நிற்க, டிராக்டரின் முன்பாகம் மேலே எழும்பிப் பின்புறமாகக் கவிழும். இதற்கு எடுக்கும் நேரம் ஒன்றரை விநாடிக்கு மேலிராது. குதித்துத் தப்ப அவகாசம் கிடையாது. சேற்றில் அகப்பட்டால் மூட்டைகளை இறக்கிவிட்டு இழுப்பதே முறை. அரை நாள் கூலி போகும், அவ்வளவுதான்.

டிராக்டரில் வலப்புறம் இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. ஒன்று இடப் பின்சக்கரத்தையும் மற்றொன்று வலப் பின்சக்கரத்தையும் பிடிக்கும். வயலில் வரப்போரம் திரும்பும்போது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துச் சுருக்கமாய்த் திருப்புவதற்காக இந்த ஏற்பாடு. இரண்டையும் சேர்த்துப் பிணைக்க ஒரு சிறு பூட்டு உண்டு. ரோட்டுக்கு வந்தவுடன் அதைப் போட வேண்டும். இதனை ஓட்டுபவர் அனைவரும் அறிவர். காலையில் உழவு, பிற்பகலில் மூட்டை என்று அவசரப்படும் அறுவடை நாட்களில் மறப்பவரும் அவர்களே. பூட்டுப் போடாமல் பாரத்தோடு ரோட்டில் வரும்போது ஏதோ குறுக்கிட, ஒரு மிதியை மட்டும் கால் அழுத்தினால், ஒரு சக்கரம் நின்று மறு சக்கரம் ஓடும். டிராக்டர் குறுக்கே திரும்பும். பின்னால் வரும் ஆறு டன் அதை விலாவில் தள்ளி உருட்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமையால் நேரும் விபத்துக்கு விதியின்மேற் பழி சுமத்துவது நியாயமன்று.

இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விட்டு டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணும் பழக்கம் ஒன்றுண்டு. இருபது அடிக்கு ஓரடி தாழும் மிதமான சரிவிலேகூட, ஆறு டன் பாரம் டிராக்டரை முன்னோக்கி 300 கிலோ பலத்தோடு தள்ளுகிறது. என்ஜின் கியரில் இருக்கும்வரை அத்தள்ளுதலை என்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டபின் எல்லாம் பிரேக்கின் மேல் விழும்; பிரேக் சூடேறித் தளரும்; ஓடும் வேகத்தில் திரும்பவும் கியர் விழாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்பது பழைய டிரைவர்கள் கைக்கொண்ட விதி. சரிவு தொடங்குவதற்கு முன்பே அந்தக் கியருக்கு வந்துவிட வேண்டும். ஏரிக்கரை மேலேறி இறங்கும் இவ்வட்டாரத்துப் பாதைகளில் இது மிகவும் முக்கியம். கரையின் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கழனிப் பள்ளம். நடுவே பாதை ஒரு வண்டி அகலம். அங்கே திடீர் பிரேக் பிடித்தால் பின்பெட்டி முன்பெட்டியை முந்தப் பார்க்கும். டிராக்டரும் டிரெயிலரும் மடக்குக்கத்திபோல் மடங்கிவிடும்.

திருப்பங்களில் டிரெயிலரின் சக்கரம் டிராக்டரின் சக்கரம் போன தடத்திற் போவதில்லை. உட்புறமாகக் குறுக்கிட்டுப் போகும். செஞ்சிக் கடைத்தெருவில் திரும்பும்போது உட்புறத்திலே நிற்பவர் பூக்காரியோ மோட்டார் சைக்கிள்காரரோ, யாராயினும் டிராக்டர் தம்மைத் தாண்டியதும் அபாயம் நீங்கியதாக நினைத்து ஓரடி முன்னால் வருவார். அந்த ஓரடியில்தான் டிரெயிலரின் சக்கரம் வரும். ஆகையால் அகலமாகத் திரும்புவதும், திரும்பி முடியும்வரை உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் வேண்டும். பின்னோக்கி வரும்போது ஸ்டியரிங் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் டிரெயிலர் போகும். இது பழகப் பழக வரும். ஆயினும் கீழே ஒருவர் நின்று வழி காட்டாமல் எவ்வளவு பழகியவரும் பின்னுக்கு எடுத்தலாகாது. களத்துமேட்டிலே சிறு பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

இரவைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. சொன்னது நடக்குமானால் போதும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பஸ்களும் லாரிகளும் எவ்வளவு வேகமாக வருகின்றன என்பது எல்லோரும் அறிந்தது. அங்கே பின்விளக்கின்றி மெல்லச் செல்லும் டிரெயிலர், அல்லது டயர் வெடித்து ஓரமாக நிற்கும் டிரெயிலர், பின்னால் வருபவனுக்கு மிக அருகில் வரும்வரை கண்ணுக்குப் படாது. கரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் படாது. சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் சில நூறு ரூபாய்க்குள் முடியும் காரியம். பாட்டுப்பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆயிரக்கணக்கிற் செலவிடும் இளைஞர்கள் இதற்கு மனமின்றி இருப்பது விந்தையே. அந்த ஒலிபெருக்கியின் சத்தத்தில், பின்னால் முந்த வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழுவதுமில்லை.

இதுவரை சொன்னவையெல்லாம் மூட்டை ஏற்றிய டிரெயிலரைப் பற்றி. இனிச் சொல்ல வேண்டியது மனிதர் ஏறிய டிரெயிலரைப் பற்றி. இன்றைய உபந்நியாசத்தின் நோக்கமே இதுதான்.

நாற்று நடவும், களையெடுக்கவும், கடலை பிடுங்கவும் இருபது முப்பது பெண்கள் ஒரே டிரெயிலரில் நின்றுகொண்டு போவது அன்றாடக் காட்சி. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை இரவில் குடும்பம் குடும்பமாகப் போவோரும் டிரெயிலரைத் தேடுகின்றனர். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களிற் பெண்களுக்கு 2021ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டணமில்லை என்றாலும், நடவு வயலுக்குப் பஸ் போவதில்லை. நிலமுடையவர் வண்டி அனுப்பினால்தான் ஆள் வரும். ஆகவே டிரெயிலரில் ஏறாதே என்று ஏழைப் பெண்ணிடம் சொல்வதில் பயனில்லை. அன்றைய கூலி அவளுக்கு வேண்டும். சொல்ல வேண்டியது வண்டி அனுப்புபவரிடம்.

2018ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் தெலங்கானாவில் யாதாத்ரி புவனகிரி மாவட்டத்தின் வலிகொண்டா வட்டாரத்தில், வயல் வேலைக்குச் சென்றோரை ஏற்றிய டிராக்டர் டிரெயிலர் மூசி ஆற்றுக் கால்வாயிற் கவிழ்ந்தது. 15 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பெண்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இரவு, உத்தரப் பிரதேசத்தில் குழந்தைக்கு முடியிறக்கிவிட்டுக் கோயிலிலிருந்து டிரெயிலரில் திரும்பிய கூட்டம் கான்பூர் மாவட்டத்தில் ஒரு குளத்திற் கவிழ்ந்தது. மாண்டவர் 25 பேருக்கு மேல்; பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மகாராஷ்டிரத்தின் நாந்தேட் மாவட்டத்தில் டிராக்டரும் டிரெயிலரும் கிணற்றுக்குள் விழுந்து 7 கூலிப் பெண்கள் இறந்தனர். கால்வாய், குளம், கிணறு. இம்மூன்றிலும் உயிரைக் கொண்டுபோனது விழுந்த உயரம் மட்டுமன்று. கவிழ்ந்த டிரெயிலர் மூடிபோல் மேலே விழுந்து, அடியில் அகப்பட்டவர் வெளியே வர வழியில்லாமற் போனதுதான். கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் செஞ்சி வட்டத்துப் பாதையோரங்களிலும் உண்டு.

நின்றுகொண்டிருக்கும் மனிதர் நெல் மூட்டையைப் போன்றவரல்லர் என்பதையும் எண்ண வேண்டும். மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். மனிதர் திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்வர். அதுவும் எல்லோரும் ஒரே சமயத்தில், வண்டி சாயும் பக்கத்துக்கே சாய்வர். கனம் உயரத்தில் இருப்பதால் சிறு குழியே கவிழ்க்கப் போதும். டிராக்டரின் மட்கார்டு மேல் உட்காருபவர் நிலையோ இன்னும் மோசம். அவர் விழுந்தால் பின்சக்கரத்தின் முன்னாலேயே விழுவார்.

சட்டம் இதில் என்ன சொல்கிறதென்று அறிந்துகொள்வது நிலமுடையவருக்கு நன்மை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிராக்டர் என்பது தானே பாரம் சுமக்க அமைந்த வண்டியன்று. அதில் ஓட்டுபவருக்கு மட்டுமே ஆசனம். டிரெயிலர் என்பது தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவும் தனிக் காப்பீடும் வேண்டும். டிராக்டருக்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு நிம்மதியாய் இருப்போர் பலர். 2007ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் தீர்த்த ஒரு வழக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. செங்கற் சூளைக்கு மண் கொண்டுபோன டிராக்டர் டிரெயிலரில் ஏறிச்சென்ற தொழிலாளி விழுந்து காயமுற்றார். காப்பீடு விவசாய வேலைக்காக எடுக்கப்பட்டது. ஆகவே காப்பீட்டுக் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று கோர்ட் முடிவு செய்தது. தொழிலாளியின் வறுமையைக் கருதி, கம்பெனி முதலிற் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. இதன் அர்த்தம் எளிது: கடைசியில் பணம் புறப்படுவது உரிமையாளருடைய நிலத்திலிருந்து. அளவுக்கு மிஞ்சிய பாரத்துக்கும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதமும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் உண்டு. கடன் வாங்கி டிராக்டர் எடுத்த குடும்பம், ஒரே நாளில் டிராக்டரையும் நிலத்தையும் சேர்த்து இழப்பதற்கு இவ்வழி போதும்.

ஆட்களை அழைத்துப்போக என்ன வழி என்று கேட்கப்படலாம். பயணிகளுக்கென்று அனுமதி பெற்ற வேனோ ஷேர் ஆட்டோவோ அமர்த்தி, அதன் வாடகையைப் பக்கத்துப் பக்கத்து வயற்காரர் நால்வர் பங்கிட்டுக்கொள்வது ஒரு வழி. ஒரே வாரத்தில் நடவு வைத்திருப்போர் முன்கூட்டிப் பேசிக்கொண்டால் தலைக்கு விழும் தொகை பெரிதாயிராது. நீர்ப்பங்கீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒன்றுகூடத் தெரிந்த ஊருக்கு இது புதிய வித்தையன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல இடங்களில் டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகின்றன. அப்படி விடும் சங்கம், காவற் சங்கிலியும் பின்விளக்கும் ஸ்டிக்கரும் இல்லாத டிரெயிலரைக் கிடங்கை விட்டு வெளியே அனுப்புவதில்லை என்று நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் செய்துகொள்ளலாம். வாடகைச் சீட்டிலேயே ஆள் ஏற்றலாகாது என்று அச்சடிக்கலாம். அச்சடித்தால் மட்டும் நடந்துவிடுமா என்றால், நடவாது. ஆனால் முதல் தடவை மீறியவருக்கு அடுத்த பருவத்தில் வண்டி இல்லையென்று செயலாளர் சொன்னால், அந்தச் செய்தி அன்று மாலைக்குள் ஊர் முழுதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, வீடு திரும்பியபின் டிரெயிலரைக் கழற்றும் சமயம். வேலை முடிந்த அலுப்பில் இணைப்பு ஆணியை முதலில் உருவிவிடுகின்றனர். தரை சற்றே சரிவாயிருந்தாலும் டிரெயிலர் நகரும்; நடுவில் நிற்பவர் நசுங்குவார். முதலிற் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். பின்பு இரட்டைச் சக்கர டிரெயிலராயின் முன்சட்டத்துக்கு உறுதியான தாங்குகட்டை நிறுத்த வேண்டும். அதன் பின்னரே ஆணியை உருவலாம். உருவிய ஆணியை வண்டிக்கடியில் எறிந்துவிடாமல் டிராக்டரின் கருவிப்பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாட் காலையில் போல்ட்டைத் தேட வேண்டியிராது.